ஒரு பிளஸ் மார்க்கின் பயணம்

கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் கத்தரித்த இரண்டு துண்டுகள். ஒன்றின்மேல் ஒன்றைக் குறுக்காக ஒட்டினால் ஒரு பிளஸ். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. அப்படி நான்கு பிளஸ்களை ஓர் உதவி இயக்குநர் தன் சொந்த செல்போனின் திரையில் மூலைக்கொன்றாக ஒட்டினார். திரை முழுக்கப் பச்சை நிறத்தில் ஒரு படம். அது நடுவில் அணைந்துவிடாதபடி செட்டிங்ஸை மாற்றிவிட்டு, போனைக் கதாநாயகியின் கையில் கொடுத்தார்.

ஷாட் ஆறு விநாடி. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவள் போனை எடுத்துப் பார்க்கிறாள். ‘நாளைக்கு வர வேண்டாம்’ என்று ஒரு மெசேஜ். அவ்வளவுதான். நிஜமாகவே மெசேஜை வரவைத்துப் படம்பிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடிட்டிங் முடிகிறவரை மெசேஜின் வாசகத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தெலுங்கு, இந்தி டப்பிங் என்று வந்தால் மெசேஜும் மொழி மாற வேண்டும். தவிர, திரை வெளிச்சத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷர் வைத்தால் முகம் இருண்டுபோகும், முகத்துக்கு வைத்தால் திரை வெளுத்துப்போகும். அதனால்தான் பச்சை, அதனால்தான் பிளஸ், அதனால்தான் நான்.

நான் கம்ப்பாசிட்டர். படம்பிடித்ததன்மேல் படம்பிடிக்காததை ஒட்டுவது என் பிழைப்பு. அந்த நான்கு பிளஸ்களில் வலது கீழ்மூலையில் இருந்ததன் கதையை இங்கே சொல்கிறேன். மற்ற மூன்றும் சமர்த்து. சமர்த்துப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

லென்ஸைத் தாண்டிய பிறகு அது டேப் இல்லை. 1920-க்கு 1080 பிக்சல் உள்ள படத்தில் ஒரு பதினான்கு பிக்சல் அகலக் கருமை. ஓரங்களில் பச்சையோடு கலந்து ஒருமாதிரி பாசி நிறம். விநாடிக்கு 24 ப்ரேம் வீதம் ஆறு விநாடிக்கு 144 படங்கள். எங்கள் தொழிலில் முதல் ப்ரேமுக்கு 1001 என்று எண் போடுவது வழக்கம். பிற்பாடு எடிட்டர் “முன்னாடி பத்து ப்ரேம் வேணும்” என்று கேட்டால் 991-லிருந்து ஆரம்பித்துக்கொள்ளலாம், மைனஸுக்குப் போக வேண்டியதில்லை. ஆக, நம் பிளஸ் 1001-ல் பிறந்து 1144 வரை வாழ்ந்தது. கேமரா தோளில் இருந்ததால் ஒரு ப்ரேமில் இருந்த இடத்தில் அடுத்த ப்ரேமில் அது இல்லை.

இந்த அசைவுதான் பழைய ஆட்களுக்குப் பெரிய தலைவலி. இரட்டை வேடக் காட்சிக்கு லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒருமுறை, பிலிமைப் பின்னால் சுற்றி மறுபாதியை மறைத்து இன்னொரு முறை என்று எடுப்பார்கள். பி. யு. சின்னப்பா இரட்டை வேடமிட்ட ‘உத்தமபுத்திரன்’ 1940-லேயே வந்துவிட்டது. இந்த மாஸ்க் ஷாட்டின் முதல் நிபந்தனை, இரண்டு தடவைக்கும் நடுவில் கேமராவை யாரும் தொடக்கூடாது என்பது. ஹாலிவுட்டில் 1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு ஜான் டைக்ஸ்ட்ராவின் குழு வேறொரு வழி பிடித்தது. கேமராவை மோட்டாரில் ஓட்டி, அது போன பாதையைப் பதிந்துவைத்து, எத்தனை தடவை வேண்டுமானாலும் அதே பாதையில் ஓடவிட்டார்கள். பாதை முன்கூட்டியே கையில் இருந்தால் எதையும் எதன்மேலும் பொருத்தலாம். தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிற கேமராமேன் விஷயத்தில் அது நடக்காது. அவர் எப்படி அசைந்தார் என்பதை, எடுத்து முடித்த படத்திடமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த விசாரணைக்குப் பெயர் ட்ராக்கிங்.

புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவனிடம் ஷாட்டைக் கொடுத்தேன். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளில் ட்ராக்கர் பேனலைத் திறந்து ‘ட்ராக் மோஷன்’ என்பதை அழுத்தினால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பெட்டிகள் வந்து நிற்கும். உள்பெட்டி, எதைத் தேட வேண்டும் என்பது. வெளிப்பெட்டி, எதுவரை தேட வேண்டும் என்பது. நடுவில் ஒரு சின்னக் குறி உண்டு. கண்டுபிடித்த பிறகு எந்தப் புள்ளியின் இடத்தை எழுதிவைக்க வேண்டும் என்று அது சொல்லும். உள்பெட்டிக்குள் பிளஸ்ஸும் அதைச் சுற்றிக் கொஞ்சம் பச்சையும் இருக்க வேண்டும். வெளிப்பெட்டியைப் பெரிதாக இழுத்து வைத்தால் வேலை மெதுவாகும், பக்கத்துப் பிளஸ்ஸைப் போய்ப் பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. சின்னதாக வைத்தால் கை சட்டென்று ஆடுகிற ப்ரேமில் பிளஸ் பெட்டிக்கு வெளியே ஓடிவிடும். சரியான அளவு எது என்று கேட்டால், ஷாட்டை நான்கு தடவை ஓட்டிப் பார்த்து அதிகமாக ஆடுகிற இடம் எது என்று தெரிந்துகொள் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது? முரட்டு வழி ஒன்று உண்டு. முதல் படத்தின் துண்டை அடுத்த படத்தின்மேல் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தி வைத்து, வித்தியாசம் எங்கே மிகக் குறைவோ அதுதான் இடம் என்பது. 1981-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் புரூஸ் லூகாஸும் டகேயோ கனாடேயும் வான்கூவரில் நடந்த ஒரு மாநாட்டில் இதற்குச் சுருக்குவழி சொன்னார்கள். துண்டுக்குள் வெளிச்சம் இடமிருந்து வலமாக எவ்வளவு வேகத்தில் கூடுகிறது குறைகிறது, மேலிருந்து கீழாக எவ்வளவு என்று முதலில் கணக்கெடுத்துக்கொள். அடுத்த படத்தில் ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு வெளுத்தது, எவ்வளவு கறுத்தது என்று பார். இரண்டையும் சேர்த்துச் சமன்பாடு போட்டால், துண்டு எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்பது விடையாக வந்துவிடும். முதல் விடை உத்தேசம்தான். அதை வைத்து மறுபடி கணக்கு, மறுபடி விடை. அவர்கள் அப்போது சினிமாவைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு கேமராக்கள் எடுத்த படங்களைப் பொருத்திப் பார்த்து, பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளப்பதுதான் அவர்கள் காட்டிய பயன். கார்லோ டொமாசியும் கனாடேயும் 1991-ல் அதை மேலே கொண்டுபோனார்கள். 1994-ல் ஜியான்போ ஷியும் டொமாசியும் கேட்ட கேள்விதான் எனக்குப் பிடித்தது: பின்தொடரத் தகுதியான புள்ளி எது?

கதவின் சாவித்துவாரம் வழியாக, உள்ளே கொடியில் காயும் வேட்டியைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துவாரத்தில் தெரிவது கரை மட்டும், மேலிருந்து கீழாக ஒரு கோடு. வேட்டியை யாராவது பக்கவாட்டில் இழுத்தால் கோடு நகர்வது தெரியும். கீழ்நோக்கி இழுத்தால்? கோடு நின்றபடியே நிற்கும். நகர்ந்ததா இல்லையா என்று சத்தியம் செய்ய முடியாது. துவாரத்தில் வெறும் வெள்ளைத் துணி மட்டும் தெரிந்தால் எந்தப் பக்கம் இழுத்தாலும் தெரியாது. வேட்டியின் முனை கண்ணில் பட்டால் மட்டும் இரண்டு பக்க அசைவும் பிடிபடும். ட்ராக்கரும் அந்தத் துவாரம் வழியாகத்தான் பார்க்கிறது. வெற்றுச் சுவர் அதற்கு ஆகாது. ஜன்னல் விளிம்பு பாதிதான் ஆகும். இரண்டு திசையிலும் வெளிச்சம் சட்டென்று மாறும் மூலைதான் அதற்கு வேண்டும். பிளஸ் என்பது நான்கு மூலைகள் முதுகோடு முதுகாக நிற்பது. உங்கள் மேஜையில் இருக்கும் ஆப்டிகல் மவுஸும் இதே இனம்தான். தனக்குக் கீழே இருக்கும் பரப்பை ஓயாமல் படம்பிடித்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போடுகிறது. கண்ணாடி மேஜையில் அது தடுமாறுவதற்குக் காரணம் அந்த வெள்ளைத் துணிதான்.

ட்ராக்கர் எழுதும் எண்கள் முழு எண்களாக இருக்காது. 1001-ஆம் ப்ரேமில் நம் பிளஸ் இருந்த இடம் 1204.62, 731.18. பிக்சலுக்குள் ஏது பின்னம் என்று தம்பி கேட்டான். ஓரத்துப் பிக்சல் முந்தைய ப்ரேமைவிடக் கொஞ்சம் கறுத்திருந்தால், டேப் அந்தப் பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்தக் கொஞ்சம்தான் பின்னம். அதை உதறிவிட்டு முழு எண்ணாக்கினால் மெசேஜ் போன்மேல் கொசு மாதிரி துடிக்கும். பார்க்கிறவர்களுக்கு என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று கண்ணுக்குப் பட்டுவிடும்.

மூன்று பிளஸ்களும் அழகாக முடிந்தன. நான்காவதற்குப் போனபோது என் முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

“அண்ணா, ஸ்லிப் ஆகுது.”

“எங்க?”

“அறுபத்தொண்ணுல. கட்டைவிரல் வந்து மூடிருது.”

1061-லிருந்து 1083 வரை இருபத்து மூன்று ப்ரேம்களுக்குக் கதாநாயகியின் கட்டைவிரல் வலது கீழ் பிளஸ்ஸின் மேல். நகத்தில் அடர்ந்த நிறப் பூச்சு. பச்சைமேல் கறுப்பைத் தேடு என்று சொல்லி வைத்திருந்த ட்ராக்கர், பிளஸ்ஸைக் காணாமல் நகத்தின் மூலையைப் பிடித்துக்கொண்டது. விரல் விலகியபோது அதுவும் விரலோடு போய்விட்டது. தேர்க்கூட்டத்தில் அப்பாவின் கை என்று நினைத்து வேறு யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு போகிற குழந்தை மாதிரி, நம்பிக்கையோடு.

தம்பி அதற்குள் கைவைத்தியம் ஒன்றும் செய்து பார்த்திருந்தான். ஒவ்வொரு ப்ரேமிலும் கிடைத்த உருவத்தையே அடுத்த ப்ரேமுக்கான மாதிரியாக எடுத்துக்கொள்ளும்படி ஆப்ஷனில் ஒரு டிக். போன் சாய்கிறபோது பிளஸ்ஸின் உருவமும் சாய்வதால் இது உதவும் என்பது அவன் கணக்கு. தப்பில்லை. ஆனால் அது ஜெராக்ஸின் ஜெராக்ஸ் எடுக்கும் வேலை. ஒவ்வொரு முறையும் துளித் துளியாக வரும் பிழை கூடிக்கூடி, நூறாவது ப்ரேமில் பெட்டி பிளஸ்ஸை விட்டுப் பச்சையில் நிற்கும். நாங்கள் இதை ‘ட்ரிஃப்ட்’ என்போம். முதல் ப்ரேமின் மாதிரியை வைத்துக்கொள்வதும், உருவம் ரொம்ப மாறியபிறகு மட்டும் புது மாதிரி எடுப்பதும்தான் பத்திரம்.

மூடின புள்ளிக்குப் பழைய வழி, பக்கத்து வீட்டாரை விசாரிப்பது. பெட்டிகளை மட்டும் போன் உறையின் விளிம்பில் தெரியும் ஒரு கீறலுக்கு நகர்த்திவிட்டு, எழுதும் குறியைப் பிளஸ் இருந்த இடத்திலேயே விட்டுவைக்கலாம். ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு இழுத்தால் குறி நகராது. கீறல் எவ்வளவு அசைகிறதோ அவ்வளவு பிளஸ்ஸும் அசைந்தது என்று எழுதிக்கொள்ளும். போன் நேராக இருக்கும்வரை இது சரி. இந்த ஷாட்டில் அவள் போனைத் தன் பக்கம் சாய்க்கிறாள். சாயும்போது கீறலுக்கும் பிளஸ்ஸுக்கும் இடையிலான தூரமே மாறுகிறது.

ஆகவே மோக்காவுக்குப் போனோம். இங்கிலாந்தின் இமேஜினியர் சிஸ்டம்ஸ் உருவாக்கிய மென்பொருள் அது. 2008-ல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சிஎஸ்4-ஓடு சேர்ந்தே வர ஆரம்பித்தபிறகு எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. 2013-ல் அதைச் செய்தவர்களுக்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. அது புள்ளியைத் தேடுவதில்லை, ஒரு தட்டையான பரப்பு முழுவதையும் சேர்த்துப் பிடிக்கிறது. போனின் வெளிவிளிம்பு, உறை, தெரிகிற மூன்று பிளஸ்கள் எல்லாவற்றையும் உள்ளடக்கி ஒரு கோடு வரைந்தோம். கட்டைவிரலைச் சுற்றி இன்னொரு கோடு வரைந்து, இதைக் கணக்கில் எடுக்காதே என்றோம். பரப்பு தட்டையானது என்று தெரிந்துவிட்டால், தெரிகிற பகுதி எப்படிச் சாய்கிறதோ அதை வைத்து மறைந்த மூலை எங்கே இருந்தாக வேண்டும் என்று கணக்குச் சொல்லிவிடும். அந்த இருபத்து மூன்று ப்ரேம்களில் கேமரா பார்க்காத பிளஸ்ஸுக்கு 46 எண்கள் கிடைத்தன. விரலுக்கு அடியில்தானே இருக்கிறது, எங்கே இருந்தால் என்ன என்று விட முடியாது. ஒரு மூலை பிசகினால் மெசேஜ் முழுவதும் கோணும்.

கையில் காசில்லாத மாணவர்களுக்கு ஒரு தகவல்: இலவச மென்பொருளான ப்ளெண்டரில் 2011 டிசம்பரில் வந்த 2.61 பதிப்பிலிருந்தே ட்ராக்கர் இருக்கிறது. கற்றுக்கொள்ள அது தாராளமாகப் போதும்.

இப்போது பிளஸ் வெறும் எண். நான்கு பிளஸ், ஒவ்வொன்றுக்கும் ப்ரேமுக்கு இரண்டு எண், 144 ப்ரேம்: மொத்தம் 1,152. இதைக் காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்தால் அப்படியே படிக்கலாம். மேலே விநாடிக்கு எத்தனை ப்ரேம், படத்தின் அகலம் உயரம் என்று சில வரிகள். கீழே ப்ரேம் எண், இடதிலிருந்து தூரம், மேலிருந்து தூரம் என்று வரிசை வரிசையாக. மளிகைக் கடை நோட்டைவிட எளிமை. தம்பி அதை ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக மாடிக்கு அனுப்பினான். மாடியில் உட்காருகிறவர்கள் நியூக் என்ற வேறொரு மென்பொருளில் வேலை செய்கிறவர்கள். அங்கேதான் எங்கள் பிளஸ்ஸுக்கு இரண்டாவது விபத்து.

கதாநாயகி போனைக் கீழே இறக்கினால் மெசேஜ் மேலே ஏறியது. மேலே தூக்கினால் கீழே போனது. மாடியே சிரித்தது. காரணம் சின்னது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் படத்தின் மேல் இடது மூலையிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். கீழே போகப்போக எண் கூடும். நியூக் கீழ் இடது மூலையிலிருந்து எண்ணும். மேலே போகப்போகக் கூடும். 1080-லிருந்து கழித்து எழுத வேண்டும்: 731.18 என்பது 348.82 ஆக வேண்டும். கழித்தார்கள். மெசேஜ் போனில் உட்கார்ந்தது.

உட்கார்ந்ததே தவிர, ஒட்டவில்லை. கை அசையாத இடங்களில் கச்சிதம். கை வேகமாக நகர்கிற இடத்தில் மட்டும் மெசேஜ் ஒரு எட்டு பின்தங்கி, கை நின்றபிறகு வந்து சேர்ந்தது. மாடு நின்றபிறகும் வண்டி ஓர் அடி முன்னால் வந்து நிற்குமே, அதுபோல. அரைநாள் ட்ராக்கைச் சந்தேகப்பட்டோம். ட்ராக்கில் பிழையே இல்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் முதல் ப்ரேமை 0 என்று எண்ணியிருந்தது. மாடியில் 1001 என்று ஆரம்பிக்கிறார்கள். ஃபைலை மாற்றும்போது யாரோ 1001-ஐக் கூட்டுவதற்குப் பதில் 1002-ஐக் கூட்டிவிட்டார்கள். அந்த யாரோ நான்தான். தம்பியைத் திட்டியதற்குச் சாயங்காலம் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன்.

எண்களை லேயரில், அதாவது மேலே ஒட்டும் பட அடுக்கில், ஏற்றுவதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. ஒரு புள்ளியை மட்டும் பின்தொடர்கிற வேலை என்றால், எண்களை நேரே படத்தில் போட விடமாட்டேன். ‘நல்’ என்று ஒரு வெற்று லேயர் இருக்கிறது. ரெண்டரில் தெரியாது, உருவமே கிடையாது. எண்களை அதில் ஏற்றிவிட்டு, படத்தை அதற்குப் பிள்ளையாகக் கட்டிவிட வேண்டும். டைரக்டர் வந்து “கொஞ்சம் லெஃப்ட்ல தள்ளுங்க” என்பார், நிச்சயம் என்பார். நேரே ஏற்றியிருந்தால் 144 கீஃப்ரேம்களையும் தள்ள வேண்டும். நல்லோடு கட்டியிருந்தால் பிள்ளையை மட்டும் நகர்த்தினால் போதும். கட்டும்போது எந்த ப்ரேமில் நிற்கிறோம் என்பதும் முக்கியம். அந்த ப்ரேமில் இருவருக்கும் இடையில் இருக்கிற இடைவெளிதான் கடைசிவரை நிற்கும்.

ஒரு புள்ளி இடத்தை மட்டும் சொல்லும். இரண்டு புள்ளி இருந்தால், அவற்றுக்கு நடுவே உள்ள தூரம் கூடுவதும் குறைவதும் அளவைச் சொல்லும். அவற்றைச் சேர்க்கும் கோட்டின் சாய்வு சுழற்சியைச் சொல்லும். மூன்று புள்ளியில் சரிவும் வந்துவிடும். தண்டவாளம் தூரத்தில் குறுகுவதுபோலக் குறுகும் பார்வைக் கோணத்துக்கு நான்கு புள்ளி, எட்டு எண் வேண்டும். நம் நான்கு பிளஸ்களும் சேர்ந்து ‘கார்னர் பின்’ என்ற எஃபெக்டில் போய் உட்கார்ந்தன. மெசேஜ் படத்தின் நான்கு முனைகளையும் நான்கு ஆணியில் மாட்டுகிற வேலை அது. ஆணிகள் ப்ரேமுக்கு ப்ரேம் நகர்கின்றன.

எஃபெக்டில் இன்னொரு பொறி இருக்கிறது. மெசேஜ் வந்ததும் திரை ஒரு கணம் மின்ன வேண்டும் என்றார்கள். மின்னலுக்கு ஒரு மையம் உண்டு. பிளஸ்ஸின் எண்ணை அப்படியே அந்த மையத்தில் போட்டான் தம்பி. மின்னல் எங்கோ போய் மின்னியது. எஃபெக்ட் எந்த லேயரில் இருக்கிறதோ அந்த லேயரின் மூலையிலிருந்துதான் அது எண்ணும், மொத்தப் படத்தின் மூலையிலிருந்து அல்ல. 12-ஆம் நம்பர் வீடு எல்லாத் தெருவிலும் இருக்கும். தெருப் பெயர் இல்லாமல் கடிதம் போட்டால் இப்படித்தான். ‘ஃப்ரம் காம்ப்’ என்று ஒரு வரி எக்ஸ்பிரஷன் எழுதினால் ஒரு தெருவின் முகவரியை இன்னொரு தெருவுக்கு மாற்றித் தரும்.

சினிமாவில் இந்தத் தவறுகள் எல்லாம் சிரித்துவிட்டுப் போகிற தவறுகள். இதே எண்கள் செய்தித் தொலைக்காட்சிகளில் வேறொரு எஃபெக்டை ஏந்திக்கொண்டு போகின்றன: முகத்தை மறைக்கும் மொசைக். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகம் வெளியிடுவதைப் போக்சோ சட்டம் தடை செய்கிறது. அந்தக் குழந்தை தலையைத் திருப்பும்போது ட்ராக் வழுக்கி, மொசைக் இரண்டு ப்ரேம் பின்தங்கினால், அந்த இரண்டு ப்ரேமில் முகம் வெளியே. யாராவது ஒருவர் வீடியோவை நிறுத்திப் பார்த்தால் போதும். அவசர அவசரமாக ஒளிபரப்புகிற இடத்தில் ஒவ்வொரு ப்ரேமாகப் பார்க்க நேரமில்லை என்பார்கள். நேரமில்லை என்றால் திரை முழுவதையும் மங்கலாக்கிவிடுவதுதான் யோக்கியம்.

எங்கள் ஷாட்டுக்கு வருகிறேன். மெசேஜ் ஒட்டிக்கொண்டது. கட்டைவிரல் மெசேஜுக்கு மேலே இருக்க வேண்டும், அதனால் பச்சையை நீக்கி விரலைத் தனியே எடுத்தோம். அங்கேதான் நம் பிளஸ் கடைசியாக ஒருமுறை தகராறு செய்தது. பச்சையைத்தான் நீக்க முடியும். கறுப்பு டேப் நீங்காது. விரல் பிளஸ்மேல் ஏறும்போதும் இறங்கும்போதும் விரலோரத்தில் அழுக்குபோல ஒரு கறுப்புத் துணுக்கு. ஆகவே பிளஸ்ஸை அழித்தாக வேண்டும். 144 படங்களிலும் தனித்தனியாகப் பூசுவது கிடையாது. பிளஸ்ஸின் எண்களையே எடுத்து, தலைகீழாகப் பயன்படுத்த வேண்டும்: பிளஸ் வலது பக்கம் மூன்று பிக்சல் போனால் படத்தை இடது பக்கம் மூன்று பிக்சல் தள்ளு. உலகமே ஆடும், பிளஸ் மட்டும் சிலைபோல் நிற்கும். நிற்கிற பிளஸ்மேல் ஒரே ஒரு ப்ரேமில் பச்சையைப் பூசி, விரல் மறைக்கும் பகுதியை மட்டும் விட்டுவிட்டு அந்தப் பூச்சை எல்லா ப்ரேமுக்கும் நீட்டி, பிறகு அதே எண்களை நேராகக் கொடுத்து அசைவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிளஸ் தானே சொன்ன எண்களைக் கொண்டு பிளஸ் அழிக்கப்பட்டது. திரையில் அதைப் பார்த்தவர் எவரும் இல்லை.

அதற்குப்பிறகு ஒட்டிய மெசேஜுக்கு அசைவு மங்கல் கொடுத்தோம், பிலிம் துகள் மாதிரி கொஞ்சம் கிரெயின் தூவினோம், போன் ஃபோகஸ் விலகும் இடத்தில் மெசேஜையும் விலக்கினோம். அவையெல்லாம் வேறு கட்டுரை. படம் நாலு மொழியில் வெளிவந்தது. டைரக்டர் வாசகத்தைக் கடைசியாக மாற்றியது ரிலீஸுக்கு முந்தைய வாரம். ‘நாளைக்கு வர வேண்டாம்’ என்பது ‘இனிமேல் வராதே’ ஆனது. நாலு மொழிக்கும் நாலு மெசேஜ் படம் வந்தது; ட்ராக்கைத் தொடவே இல்லை. பழைய 1,152 எண்களே நாலையும் சுமந்தன. டேப் துண்டு எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும். அந்த டெக்ஸ்ட் ஃபைல் மட்டும் இன்னும் எங்கள் சர்வரில் இருக்கிறது.

மார்க்கர் ஒட்டப்போகும் உதவி இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். பளபளப்பான டேப் வேண்டாம், லைட் பட்டு மின்னினால் ட்ராக்கர் மின்னலைத்தான் பிடிக்கும். பச்சையை முழு வெளிச்சத்தில் வைக்காதீர்கள், விரலெல்லாம் பச்சையாகிறது. லென்ஸ் எத்தனை எம்எம் என்று கிளாப் போர்டில் எழுதிவிடுங்கள். நாலு மார்க்கர் போதும், நாற்பது ஒட்டினால் நாற்பதையும் நாங்கள்தான் அழிக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன்னால் போனை ஒரு தடவை கையில் வாங்கி, மெசேஜ் படிக்கிறமாதிரி பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல் எங்கே வருகிறதோ அங்கே மட்டும் ஒட்டாதீர்கள்.